மணி மாறும் மார்ச் வாரம்: கண் சொக்காமல் கார் ஓட்டப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு, அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் நேரே 3க்குத் தாவும். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி மறுபடியும் 1 மணி ஆகும். 2027இல் அந்த நாட்கள் மார்ச் 14, நவம்பர் 7. அமெரிக்காவில் அரிசோனாவின் பெரும்பகுதியும் ஹவாயும் தவிர மற்ற மாநிலங்களிலும் இதே தேதிகள்தான். இங்கிலாந்தில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிது. இலங்கையிலிருந்து வந்தவர்களில் பலருக்கு 1996 நினைவிருக்கும். அந்த மே மாதம் மணியை ஒரு மணிநேரம் முன்னே தள்ளினார்கள், அக்டோபரில் அரை மணிநேரம் பின்னே இழுத்தார்கள், 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். இங்கே அந்தக் குழப்பம் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. அதுவும், காலையில் கார் எடுக்காமல் வேலைக்குப் போக முடியாத ஊர்களில்.

ஒரு மணிநேரம்தானே என்று விட்டுவிடக் கூடாத விஷயம் இது. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 1996 முதல் 2017 வரை நடந்த 7 லட்சத்துக்கும் அதிகமான உயிர்ச்சேத விபத்துகளை எடுத்துப் பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். வசந்தத்தில் மணி மாறிய பிறகு வரும் வேலை வாரத்தில் அப்படிப்பட்ட விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடுகின்றன. 2007இல் அமெரிக்கா மணி மாற்றத்தை ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்கு நகர்த்தியபோது இந்த ஏற்றமும் கூடவே மார்ச்சுக்கு நகர்ந்தது. குளிர், பனி, பள்ளி விடுமுறை என்று வேறு எதன்மேலும் பழியைப் போட முடியாதபடி இது ஒன்றே காட்டிவிடுகிறது.

உடம்பில் நடப்பது இதுதான். திங்கள் காலை 6 மணிக்கு அலாரம் அடிக்கும்போது உங்கள் உடம்புக்கு அது 5 மணி. விழிப்பு மிகவும் மந்தமாக இருக்கும் நேரத்துக்கு ஒரு மணிநேரம் நெருக்கமாகப் போய் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறீர்கள். முந்தின வாரம் டொராண்டோவில் 6.40 வாக்கில் விடிந்தது, இப்போது 7.40. உடம்பை எழுப்பும் வெளிச்சமும் அந்த நேரத்தில் இல்லை. இவற்றுக்கெல்லாம் முன்பே, ஞாயிறு இரவு வழக்கமான நேரத்தில் படுத்தாலும் தூக்கம் வந்திருக்காது, ஏனென்றால் உடம்புக்கு அப்போது ஒரு மணிநேரம் முன்னதான பொழுது. மனித உடம்பின் உள்கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணிநேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. அதனால் தாமதமாகத் தூங்குவது எளிது, முன்னதாகத் தூங்குவது கடினம்.

ஏற்கெனவே குறைவாகத் தூங்குபவர்களைத்தான் இது கடுமையாகத் தாக்கும். அமெரிக்க மோட்டார் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, முந்தைய 24 மணிநேரத்தில் 7 மணிநேரமாவது தூங்கியவரோடு ஒப்பிட்டால், 5 முதல் 6 மணிநேரம் தூங்கியவர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 4 முதல் 5 மணிநேரம் என்றால் நான்கு மடங்குக்கு மேல். இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, ஆறு மணிநேரத் தூக்கத்தில் வாரத்தை ஓட்டும் ஒருவர் ஒரு மணிநேரத்தை இழந்தால் எந்த வரிசைக்கு வந்துவிடுகிறார் என்று பாருங்கள். புதிதாக வந்தவர்களில் பலர் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

வியாழன் முதல் சனி வரை

ஒரே இரவில் ஒரு மணிநேரத்தை நகர்த்த முடியாது. மூன்று இரவுகளில் இருபது இருபது நிமிடமாக நகர்த்தலாம். வழக்கமாக இரவு 11க்குப் படுத்துக் காலை 6க்கு எழுபவர் என்று வைத்துக்கொள்வோம். வியாழன் இரவு 10.40க்குப் படுத்து, வெள்ளி காலை 5.40க்கு எழுங்கள். வெள்ளி இரவு 10.20, சனி காலை 5.20. சனி இரவு 10 மணி. ஞாயிறு காலை பழைய கணக்கில் 5 மணிக்கு எழுந்தால், கடிகாரம் 6 காட்டும். ஏழு மணிநேரத் தூக்கத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

இதில் பலரும் தவறவிடுவது எழும் நேரத்தை. படுக்கும் நேரத்தை மட்டும் முன்னே தள்ளிவிட்டு, சனிக்கிழமை காலை எட்டரை வரை தூங்கினால் அன்று இரவு பத்துக்குக் கண் மூடாது. எழுந்தவுடன் வீட்டின் எல்லா விளக்குகளையும் போடுங்கள், திரைச்சீலைகளை விலக்குங்கள். மாலையில் இதற்கு எதிர்மாறாக, படுப்பதற்கு ஒரு மணிநேரம் முன்பிருந்து வெளிச்சத்தைக் குறையுங்கள். இரவுச் சாப்பாட்டையும் அதே இருபது நிமிடம் முன்னே கொண்டு வாருங்கள். ஒன்பதரைக்குச் சோறு சாப்பிட்டுவிட்டுப் பத்துக்குப் படுப்பது நடக்காது.

காபி, டீயைப் பகல் ஒரு மணியோடு நிறுத்துங்கள். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணிநேரம் ஆகும். மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது.

சனிக்கிழமை இரவு விழாவுக்கு அழைப்பு இருந்தால் முன்கூட்டியே யோசியுங்கள். டொராண்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் மண்டபங்களில் நடக்கும் பிறந்தநாள், பூப்புனித விழாக்கள் நள்ளிரவைத் தாண்டுவது வழக்கம். ஒன்றரைக்கு மண்டபத்தை விட்டுக் கிளம்பி இரண்டரைக்கு வீடு சேர்வதாகக் கணக்குப் போட்டால், அந்த இரவில் கடிகாரம் மூன்றரை காட்டும். பத்து மணிக்குச் சாப்பாடு ஆனதும் வாழ்த்திவிட்டுப் புறப்படுவதில் தவறே இல்லை. யாராவது குறைப்பட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். மகா சிவராத்திரியும் சில ஆண்டுகளில் இந்த வாரத்தில் வந்து விழும். 2024இல் சிவராத்திரி மார்ச் 8, மணி மாறியது மார்ச் 10. இரவு முழுவதும் கண் விழித்துவிட்டு விடிகாலையில் கோயிலிலிருந்து தானே காரோட்டி வீடு திரும்புவது சாதாரண ஆண்டிலேயே ஆபத்து. விழித்திருக்காத ஒருவர் வந்து அழைத்துப் போகும்படி முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

படுப்பதற்கு முன் கையால் மாற்ற வேண்டிய கடிகாரங்களை மாற்றிவிடுங்கள். கைபேசி தானாக மாறும். அடுப்பு, மைக்ரோவேவ், பழைய கார்களின் கடிகாரம் மாறாது. கார்க் கடிகாரம் ஒரு மணிநேரம் பின்தங்கி இருந்தால், அதைப் பார்த்து நேரம் இருக்கிறது என்று நினைத்துப் பிறகு பதறி வேகம் எடுப்பவர்கள் உண்டு.

ஊருக்குப் போன் பேசும் நேரம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலும் இது இருக்காது. குளிர்காலத்தில் டொராண்டோவுக்கும் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைவெளி பத்தரை மணிநேரம். மணி மாறியதும் ஒன்பதரை. குளிர்காலத்தில் இரவு எட்டரைக்கு அழைத்தால் அங்கே காலை ஏழு, அம்மா எழுந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். மணி மாறிய பிறகு அதே எட்டரைக்கு அங்கே ஆறு. அதனால் பேச்சு ஒன்பதரைக்குத் தள்ளிப் போகும், முடியப் பத்தரை ஆகும். தூக்கத்தை முன்னே இழுக்க வேண்டிய வாரத்திலேயே அது பின்னே போகிறது. அந்த ஒரு வாரம் மட்டும் காலையில் பேசுங்கள். இங்கே 7 மணி என்றால் அங்கே மாலை நாலரை. வண்டி ஓட்டிக்கொண்டே பேசாதீர்கள், கிளம்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஞாயிறு

புதிய நேரப்படி வழக்கமான மணிக்கே எழுந்து, விடிந்ததும் அரைமணி நேரம் வெளியே நடங்கள். குளிராக இருந்தாலும் போங்கள். மேகமூட்டமான காலையின் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம், உள்கடிகாரத்தை முன்னே நகர்த்துவது அதுதான். மதியம் கண் அசந்தால் இரண்டு மணிக்கு முன்னால் இருபது நிமிடம் போதும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்று முதல் ஐந்து வரை தூங்கினால், திங்கள் காலைக்கான தூக்கத்தை அப்போதே செலவழித்துவிட்டீர்கள்.

திங்கள் காலை

எழுந்த முதல் கால் மணி, அரைமணி நேரம் மூளை முழுதாக விழித்திருக்காது. அலாரத்தை அணைத்துப் பத்தாவது நிமிடம் காரில் ஏறுபவராக இருந்தால் அன்று அரைமணி நேரம் முன்னதாக எழுங்கள், அதற்கேற்ப முன்னதாகப் படுங்கள். கிளம்பும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நேற்றிரவு ஆறு மணிநேரமாவது தூங்கினேனா? இப்போது கொட்டாவி அடக்க முடியாமல் வருகிறதா? விழித்து அரைமணி ஆயிற்றா? முதல் இரண்டில் ஒன்று சரியில்லை என்றால் அன்று பஸ், ரயில், அல்லது நன்றாகத் தூங்கிய சக ஊழியரின் கார். அது முடியாவிட்டால் வீட்டிலேயே இருபது நிமிடம் மறுபடி படுத்து எழுந்து, தாமதமாகப் போங்கள். மேலாளரிடம் முந்தின வெள்ளியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் இது பெரிய விஷயமாக இருக்காது.

காரின் விளக்கு பற்றி ஒன்று. கனடாவில் ஓடும் கார்களில் பகல்விளக்கு முன்புறம் தானாக எரியும். முன்னால் வெளிச்சம் தெரிவதால் எல்லா விளக்கும் எரிவதாக நினைத்துவிடுவார்கள். பல கார்களில் அப்போது பின்விளக்கு எரிவதில்லை. மறுபடி இருட்டாகிவிட்ட மார்ச் காலையில், பின்னால் வருபவரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம். விளக்குத் திருகை 'ஆட்டோ'வில் வையுங்கள், இல்லையென்றால் கையால் முழுவதும் போடுங்கள். கண்ணாடியில் பனி படிந்திருந்தால் எட்டிப் பார்க்கும் ஓட்டை அளவுக்குச் சுரண்டிவிட்டுக் கிளம்பாமல் முழுவதும் சுத்தம் செய்யுங்கள்.

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் சாதாரணமாக இரண்டு விநாடி இடைவெளி விடுவீர்கள் என்றால் அந்த வாரம் நான்கு விநாடி விடுங்கள். ஹைவேயில் 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. நான்கு விநாடி கண் அயர்ந்தால் 110 மீட்டர், யாரும் ஓட்டாத கார். தூக்கத்தால் நடக்கும் விபத்துகளில் பல இடங்களில் பிரேக் போட்ட தடமே இருக்காது. அடிபடும் வேகம் முழு வேகமாகவே இருப்பதால்தான் காயங்களும் கடுமையாகின்றன.

ஜி2 உரிமத்துக்கான சாலை ஓட்டுத் தேர்வுக்குக் காத்திருப்பவர்கள் அந்தத் திங்கள், செவ்வாய்க் காலைகளில் தேதி எடுக்காதீர்கள். அடுத்த வாரம் கிடைத்தாலும் பரவாயில்லை. அந்த இரண்டு நாளில் பயிற்சி வகுப்பு இருந்தால் மதியத்துக்கு முன், நன்றாக வெளிச்சம் வந்த நேரத்துக்கு மாற்றிக் கேளுங்கள்.

ஓட்டும்போதே கண் சொக்கினால்

முதல் அறிகுறி கொட்டாவி என்று நினைக்கிறோம். அதைவிட நம்பகமானவை வேறு சில: கடந்த இரண்டு கி.மீ. எப்படி வந்தோம் என்று நினைவில்லாமல் போவது, இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிடுவது, வேகம் காரணமில்லாமல் கூடிக் குறைவது, லேன் கோட்டின் மேல் டயர் ஏறுவது, கண் இமை கனத்து மெதுவாக மூடித் திறப்பது. ஹைவே ஓரத்தில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களில் டயர் ஏறிக் கடகடவென்று சத்தம் கேட்டால் நீங்கள் ஏற்கெனவே தூங்கிவிட்டீர்கள். அதன்பின் ஒரு எக்ஸிட் தாண்டவும் காத்திருக்க வேண்டாம். புதிய கார்களில் களைப்பை எச்சரிக்கும் காபிக் கோப்பைப் படம் ஒளிர்ந்தாலும் அப்படித்தான்.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, கன்னத்தில் தட்டுவது எல்லாம் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. வேலை செய்வது காபியும் குட்டித் தூக்கமும் சேர்ந்த முறை. அதன் வரிசை முக்கியம்.

அடுத்த எக்ஸிட்டில் இறங்குங்கள். 401, 400 ஹைவேக்களில் ஆன்ரூட் ஓய்வு நிலையங்கள் இருக்கின்றன, நகருக்குள் என்றால் வெளிச்சமுள்ள ஏதாவது கடையின் கார் நிறுத்துமிடம். ஹைவேயின் ஓரப் பகுதியான ஷோல்டரில் நிறுத்தித் தூங்காதீர்கள். அங்கே நிற்கும் கார்மேல் மோத வருபவர் பெரும்பாலும் உங்களைப் போலவே தூங்கி வழிபவர்தான். வண்டியை நிறுத்தியதும் முதலில் காபியைக் குடித்துவிடுங்கள். கடையில் வாங்கும் நடுத்தர அளவுக் காபியில் ஏறக்குறைய 200 மி.கி. காஃபின் இருக்கும், அது போதும். டீயில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். குடித்த காஃபின் வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும், அந்த இடைவெளியில்தான் தூங்கப் போகிறீர்கள். கதவைப் பூட்டி, இருக்கையைச் சாய்த்து, அலாரத்தை இருபது நிமிடத்துக்கு வையுங்கள். முழுதாகத் தூங்கவில்லை என்றாலும், கண் மூடிக் கிடந்தாலே பலன் உண்டு. அரைமணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள், எழும்போது முன்னைவிட மோசமாக இருக்கும். எழுந்ததும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஓட்டுங்கள்.

இது மீதி வழியைக் கடக்க மட்டும்தான். ஒரு நாளில் இரண்டாவது முறை தேவைப்பட்டால் அன்று மேற்கொண்டு ஓட்டக் கூடாது. வீட்டுக்குப் போன் செய்து யாரையாவது வரச் சொல்லுங்கள்.

குளிரில் தூங்க ஒரு போர்வை காரிலேயே இருக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினால், புகைக்குழாய்ப் பக்கம் பனி குவிந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அது வாசனையில்லாத வாயு, தூங்குபவரை எழுப்பாது. மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு உட்காரவே கூடாது.

தூங்கி விபத்தாக்கினால் ஒன்டாரியோவில் கவனக்குறைவான ஓட்டுதல் என்று வழக்கு வரலாம். அபராதம் 400 முதல் 2,000 டாலர், ஆறு குறைப்புள்ளிகள், உரிமம் இரண்டு ஆண்டுவரை நிறுத்தம், ஆறு மாதம்வரை சிறையும் சாத்தியம். புதிதாக உரிமம் எடுத்தவரின் காப்பீட்டுக் கட்டணம் அதன்பின் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரவு ஷிஃப்ட் செய்பவர்கள்

சனி இரவு 11 முதல் ஞாயிறு காலை 7 வரையுள்ள ஷிஃப்ட் மார்ச்சில் ஏழு மணிநேரம்தான், நவம்பரில் அதுவே ஒன்பது. சம்பளம் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காரோட்டுவதைப் பொறுத்தவரை, நவம்பரின் அந்த ஒன்பதாவது மணிநேரம் மோசமானது. தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம் ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சனி காலை எழுந்து, பகலில் தூங்காமல் ஷிஃப்டுக்குப் போனவர் அந்த எல்லையை நள்ளிரவிலேயே தாண்டிவிடுவார். ஆகவே சனி மாலை 7 முதல் 9 வரையாவது படுத்து எழுந்து போங்கள்.

மார்ச்சில் பிராம்ப்டன் கிடங்குகளில் வேலை முடித்து ஸ்கார்பரோவுக்கு 401இல் கிழக்கே வருபவருக்கு 8 மணியளவில் சூரியன் நேர் முகத்தில் இருக்கும். களைத்த கண் கூச்சத்தில் தானாகவே மூடும். கறுப்புக் கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், கார்க் கண்ணாடியின் உட்புறத்தையும் துடைத்து வையுங்கள். நாலைந்து பேர் ஒரே வேனில் வருவதாக இருந்தால், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் தூங்கக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள்

பெட்டியில் ஏவில், பிரிட்டோன் போன்ற அலர்ஜி மாத்திரைகள் இருக்கும். சளிக்கும் தும்மலுக்கும் பழக்கத்தில் போட்டுக்கொள்வோம். இவை தூக்கத்தைக் கொண்டுவரும் பழைய வகை மருந்துகள், இரவில் போட்டால் மறுநாள் காலையிலும் மந்தம் இருக்கும். இங்கே கிடைக்கும் பெனட்ரில், வாந்திக்குப் போடும் கிராவால் ஆகியவையும் அப்படித்தான். மணி மாறும் வாரத்தில் தூக்கம் வருவதற்காக இவற்றைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அலர்ஜி இருந்தால் மருந்தாளுநரிடம் தூக்கம் வராத வகையைக் கேளுங்கள். அவரிடம் கேட்கக் கட்டணம் இல்லை.

ஊருக்குப் போய்விட்டு மார்ச் முதல் வாரத்தில் திரும்புபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. உடம்பு புதிய நேரத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரமே நகரும். பத்தரை மணிநேரத்தைக் கடக்கப் பத்து நாள் ஆகும், அதற்குள் மணியும் மாறிவிடும். முதல் நான்கைந்து நாள் காரைத் தொடாமல் இருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பிற்பகலில் ஓட்டாதீர்கள். அதிகாலை மூன்றுக்கே விழித்துவிட்ட உடம்பு அந்நேரம் சட்டென்று சரியும்.

நவம்பரில்

அப்போது ஒரு மணிநேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கிறது, காலைப் பயணம் எளிதாகிறது. ஆபத்து மாலைக்கு நகர்ந்துவிடும். முந்தின நாள் மாலை 6 மணிவரை இருந்த வெளிச்சம் டொராண்டோவில் சட்டென்று 5 மணியோடு முடிந்துவிடும். வேலை விட்டுக் களைத்து வருபவர்கள் முதல் நாளே இருட்டில் ஓட்டுகிறார்கள், தெருவைக் கடப்பவர்கள் கறுப்புக் குளிர்கோட்டில் இருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்தை நெருங்கும்போதும் சிக்னலில் வலப்பக்கம் திரும்பும்போதும் ஒரு விநாடி கூடுதலாகப் பாருங்கள். நகருக்கு வெளியே அது மான்கள் இணைசேரும் காலமும்கூட. அந்தி நேரத்தில் ஒரு மான் ரோட்டைக் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பாருங்கள். மோதல் தவிர்க்க முடியாது என்று தெரிந்தால் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல் நேர்கோட்டில் பிரேக்கை அழுத்துங்கள். நடந்து போகிறவர்கள், பிள்ளைகளின் பள்ளிப் பை உட்பட, ஒளிரும் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். டாலர் கடைகளில் சில டாலருக்குக் கிடைக்கும்.